வற்றிய குளத்தில் ஒலியமைப்பு

மாரியில் இவ்விடத்தில் இரண்டு ஆள் தண்ணீர்.
ஆவணியில் மேடை.
கற்சிலைமடுவுக்கு அங்கால்,
துருசிலிருந்து நூறு மீற்றர் உள்ளே,
வெடித்த களித் தட்டுகளின் மேல் தறப்பாள் விரித்து இறக்கினோம்
பதினாறு ஸ்பீக்கர், நாலு அம்பிளிபயர்,
தவணை இன்னும் முடியாத ஒரு மிக்சர்.

சோளகம் குளக்கட்டேறி வருகிறது.
முதலில் கடலைக்காரரின் தொப்பி,
பிறகு திருவிழாக் கொடிகள்,
பிறகு அது.
கோதுமை மாவைவிட மெல்லிசு.
கண்ணுக்குப் படாது, பல்லில் கடிபடும்.

வவுனியாவிலிருந்து வந்த கீபோர்ட்காரன் டிலக்சன்
வெள்ளைச் சப்பாத்தோடு நின்று கேட்டான்:
"அக்கா, இதுக்குள்ளயா வாசிக்கிறது?"
இதுக்குள்ளதான்.
இந்தா சொப்பிங் பை, கட்டைகளை மூடு.
பாட்டுத் தொடங்க முதல் எடு,
முடிஞ்ச கையோட போடு.
வாயால ஊதாதே.
எச்சில் பட்டால் சேறு.

மைக் தலைகளுக்குப் பள்ளிக்கூடக் காலுறை,
யசோவின் மகளுடையது, தோய்த்தது.
வயர் முனைகளுக்குப் பலூன்.
மிக்சருக்கு லஞ்சீற்,
ஊடாகப் பார்த்தால் ஃபேடர் தெரியும்,
விரல்தான் வழுக்கும்.

மேலதிக அம்பிளிபயரை நான் கட்டியதைப் பார்த்து
டிலக்சன் சிரித்தான்.
உள்பை, யூரியாப் பை, சைக்கிள் ரியூப்,
முடிச்சு கீழ்ப்பக்கம்.
"என்னக்கா, தாட்டு வைக்கப் போறீங்களோ?"
யசோ என்னைப் பார்த்தாள்.
நான் ரியூபை இன்னொரு சுற்று இழுத்தேன்.
முதல்முறை அப்படிக் கட்டியதை
இரண்டரை வருசம் கழித்துத்தான் அவிழ்த்தேன்.
ஒரு பக்கம் வேலை செய்தது.

ஒன்பதரைக்கு மூன்றாவது பாட்டு.
ஞானரூபன் உச்சிக்கு ஏறிய இடத்தில்
இடப்பக்கம் செத்தது.
கை வைக்க முடியாத சூடு.
தூசுக்குப் பயந்து மூடியது நான்தான்,
மூச்சுப்போக ஒரு விரற்கடை விடாமல்.
கதிரையெல்லாம் சனம் திரும்பிப் பார்த்தது.
கட்டுக்கு மேலால் ஒரு மணல் ரிப்பர்
தன் பாட்டைத் தானே போட்டுக்கொண்டு போனது.
ஐஸ்பழ மணி திடீரென்று பெரிசாகக் கேட்டது.

மூடினால் வெந்து சாகும்.
திறந்தால் தின்று சாகும்.
இரண்டாவதற்கு நாளெடுக்கும்.
துணியை இழுத்தேன்.

யசோ தன் பருத்திச் சால்வையை
ஒரு போத்தல் தண்ணீரில் நனைத்துக்
காற்றுப் பக்கம் விரித்தாள்.
தடி ஊன்ற மண் விடவில்லை.
ஆகவே அவளே தடி.
மின்விசிறி அந்த ஈரத்தினூடாக மூச்செடுத்தது.
பன்னிரண்டு மணிவரை நின்றாள்,
இடையில் தன் மகள் ஆடிய ஆட்டத்துக்கும்
மேடைக்கு முதுகைக் காட்டியபடி.
"கைதட்டு வந்ததா?" என்று மட்டும் கேட்டாள்.
வந்தது.
நான்தான் ஒலியைக் கூட்டிவைத்தேன்,
அதைச் சொல்லவில்லை.

விடியப்புறம் ஏற்றும்போது
சால்வை ஓடுமாதிரி விறைத்திருந்தது.
மடிக்க, உடைந்து உதிர்ந்தது களி.

மார்கழி. வேலையில்லை. மழை.
மிக்சரின் திருகாணிகளைக் கழற்றினேன், இருபத்திரண்டு.
லஞ்சீற்றையும் என் வாய்ச்சாலகத்தையும் தாண்டி
உள்ளே வந்து படுத்திருந்தது,
சாம்பல் நிறத்தில், ஒரு குறையுமில்லாமல்.
பெயின்ற் தூரிகையால் பேப்பரில் கூட்டினேன்.
ஒரு தேக்கரண்டி வரும்.

டிலக்சன் போன் எடுத்தான்:
"மேல் சா இன்னும் கரகரக்குது அக்கா."
அது குளம், என்றேன்.
அவனுக்கு விளங்கவில்லை.
அங்கே வான் பாயுதாம் என்று யசோ வந்து சொன்னாள்,
மேடை நின்ற இடத்தில் தோணி போகுதாம்.
இந்தக் கரண்டியளவு
ஆழம் கூடித்தான் இருக்கும்.

பேப்பரை மடித்து மேசையில் வைத்தேன்.
எறியவேண்டும்.
ஒன்பதாவது ஃபேடர்
இப்பவும் பாதியில் இறுகுது.